சாந்தமேரி எண்ணிய புழுக்கள்

செமினியில் நான் ஸ்டோர் பொறுப்பாளனாக வேலை பார்க்கும் தனியார் கல்லூரியில், மூன்றாவது மாடியில், புழு வளர்ப்பதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. வெளியாட்களிடம் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். சாக்கடைப் புழு என்று நினைத்துக்கொள்வார்கள். இது அப்படியல்ல. ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வயிற்றுக்குள் இருக்கும் முட்டைகூடத் தெரியும். தீபாவளிக்கு நம் வீடுகளில் செய்யும் அதே அகார் அகாரை, அதாவது கடல்பாசியை, ஊற்றி உறையவைத்த சின்னத் தட்டில் வாழும். மேலே தடவிவைத்த பாக்டீரியாவைத் தின்னும். மூன்று வாரத்தில் ஆயுள் முடியும். மனிதரில் இருபது வருஷம் காத்திருந்து பார்க்க வேண்டியதை இதில் இருபது நாளில் பார்த்துவிடலாம் என்பதால் விஞ்ஞானிகளுக்கு இதன்மேல் அவ்வளவு ஆசை.

அந்த அறையைக் கட்டி ஆண்டவள் சாந்தமேரி. கல்லூரிக் காகிதத்தில் அவள் பெயருக்கு நேராக 'ஆய்வக உதவியாளர், ஒப்பந்தம்' என்று இருக்கும். பெயருக்குப் பின்னால் பட்டம் எதுவும் கிடையாது. பட்டம் வாங்கியவர்கள் அறைக்குள் வரும்போது செருப்பை மாற்றாவிட்டால் அப்படியே வாசலில் நிறுத்திவைப்பாள். துறைத் தலைவரையே ஒருமுறை நிறுத்தினாள்.

அவளுடைய அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தாள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் நாலு வயது இளைய தம்பி இக்னேஷியஸை இவள்தான் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்ததும் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. பதினோரு வருஷம் அங்கே ஓட்டை பார்த்தாள். கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்கே கசிகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஒருநாள் சூப்பர்வைசர், "கப்பல் காத்திருக்கு, இந்தப் பெட்டிய விட்டுடு" என்றிருக்கிறான். இவள் அந்தப் பெட்டிமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதன்பிறகு அவளைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

தொழிற்சாலை மூடியபின் எங்கள் கல்லூரிக்குக் கண்ணாடிப் பாத்திரம் கழுவ வந்தாள். ஒருநாள் மேசைமேல் இருந்த ஐம்பது தட்டுகளைப் பார்த்து, "இதுல ஏழு கெட்டுப்போச்சு" என்றாள். மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்த ஆராய்ச்சியாளருக்கு எட்டு நாள் கழித்துத்தான் அது தெரிந்தது. மறுவாரம் அவளை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்தார்கள். அங்கேயே பதினான்கு வருஷம் உட்கார்ந்திருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஒற்றை அறை பிளாட். விடிந்ததும் கேடிஎம் ரயிலில் காஜாங், அங்கிருந்து பஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "உங்களுக்கு ஸ்டோர்ல வேலையே இல்லையாண்ணே?" என்றாள். நான் அதோடு விட்டுவிட்டேன்.

இனி என் பெயரையும் சொல்லிவிடுகிறேன். சிவநேசன். ஐம்பத்தெட்டு வயது. எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்து பத்து வருஷம் ஆகிறது. நம் ஆட்களில் வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கிறது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் பாதிப்பேர் சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுப்பார்கள், மீதிப்பேர் எடுக்க மறந்துவிட்டோம் என்பார்கள். அதனால்தான் யுகேந்திரன் எங்கள் கல்லூரிக்கு வந்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

யுகேந்திரன் கிள்ளானில் மூலிகைக் கம்பெனி வைத்திருப்பவர். அவருடைய அப்பா இனிப்பு நீரால் இரண்டு கால்களையும் இழந்து செத்தவர். அதைச் சொல்லும்போது குனிந்து தன் கால்களைத் தொட்டுக் காட்டுவார், அது நடிப்பல்ல. ஐந்து இலைகளைச் சேர்த்து ஒரு சாறு எடுத்து, அதைப் பொடியாக்கிக் குப்பியில் அடைத்திருந்தார். சின்ன அளவில் விற்கவும் தொடங்கியிருந்தார். "நம்ம ஆளுங்களோட மருந்து, நம்ம ஆளுங்க டெஸ்ட் பண்ணணும்" என்று டாக்டர் வாணியிடம் கேட்டார். வாணிக்கு முப்பத்தாறு வயது. கெட்டிக்காரி. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் வெளிக் கம்பெனியோடு ஓர் ஆராய்ச்சி செய்து காட்ட வேண்டியிருந்தது. அவள் உடனே சரி என்றாள்.

சோதனை இப்படி. ஒரு தட்டில் சாதாரணச் சாப்பாடு. இன்னொன்றில் சர்க்கரை கலந்த சாப்பாடு, அதைத் தின்கிற புழு சீக்கிரம் சாகும். மூன்றாவதில் சர்க்கரையோடு யுகேந்திரனின் சாறு. எந்தத் தட்டில் எது என்று எண்ணுகிறவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனசு ஒருபக்கம் சாய்ந்துவிடும், அரை உயிராகக் கிடக்கும் புழுவை உயிரோடு இருப்பதாக எழுதத் தோன்றும். அதனால் தட்டில் எழுத்து மட்டும் இருக்கும். எந்த எழுத்து எது என்ற சீட்டை உறையில் போட்டு ஒட்டி என் அலமாரியில் பூட்டிவைப்போம். சாந்தமேரி தினமும் மெல்லிய பிளாட்டினம் கம்பியால் ஒவ்வொரு புழுவையும் தொட்டுப் பார்ப்பாள். அசைந்தால் உயிர். அசையாவிட்டால் நோட்டில் ஒரு கோடு.

இருபத்து மூன்றாம் நாள் உறையைப் பிரித்தோம். யுகேந்திரனின் சாறு கலந்த தட்டில் புழுக்கள், சர்க்கரையே தின்னாத புழுக்களைவிடவும் அதிகநாள் வாழ்ந்திருந்தன. உடம்பில் சர்க்கரை அளவும் இறங்கியிருந்தது. வாணி துள்ளிக் குதித்தாள். காஜாங் பாசார்க் கடையிலிருந்து உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் வரவழைத்தாள். நான் நாலு தின்றேன். மாலையில் போகும் வழியில் யுகேந்திரனின் குப்பிகள் இரண்டை வாங்கினேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

சாந்தமேரி அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிள்ளானுக்குப் போனாள். மாதத்தில் ஒரு ஞாயிறு தம்பி வீட்டில் சாப்பாடு. இக்னேஷியஸ் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் வேலை, வழியெல்லாம் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் டீ. அவனுக்கும் இனிப்பு நீர். கோழிக் குழம்பைப் பரிமாறிக்கொண்டே அவன் மனைவி குளோரியா, "ஆபீஸ்ல என்ன விசேஷம், அண்ணி?" என்று கேட்டிருக்கிறாள். பதினான்கு வருஷத்தில் வீட்டில் பெருமையாகச் சொல்ல சாந்தமேரிக்கு ஒன்று கிடைத்தது அதுதான் முதல் தடவை.

"நம்ம இலை வேலை செய்யுதுடா தம்பி. என் கண்ணால பார்த்தேன். புழுவெல்லாம் பொழைச்சிடுச்சு."

இவ்வளவுதான் சொன்னாள். எண்ணிக்கையை எழுதும்போது ஒரு புழுவுக்காக அரைமணி நேரம் யோசிக்கிறவள், சாப்பாட்டு மேசையில் யோசிக்காமல் சொன்ன ஒரே வார்த்தை.

ஒரு சோதனையை மூன்று தடவை செய்ய வேண்டும் என்பது விதி. இரண்டாவது தடவை தொடங்கி ஆறாம் நாள், நான் தட்டுப் பெட்டிகளோடு உள்ளே போனபோது சாந்தமேரி மைக்ராஸ்கோப்பை விட்டுவிட்டு ஒரு தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இந்தத் தட்டுல சாப்பாடு எங்கே?"

பாக்டீரியா தடவிய இடம் பால் சிந்திக் காய்ந்தது போல வெள்ளையாகத் தெரிய வேண்டும். மற்றத் தட்டுகளில் தெரிந்தது. அந்த ஒன்றில் பின்னால் இருந்த அவள் விரல் ரேகை தெரிந்தது. உள்ளே இருந்த புழுக்கள் மெலிந்து, சாப்பாட்டு இடத்தை விட்டு ஓரத்துக்கு அலைந்துகொண்டிருந்தன. முட்டையும் குறைவு.

"இது பசியில அலையிற புழு" என்றாள். "ஒரு தீபாவளி லீவுக்குச் சாப்பாடு போடாம விட்டுட்டுப் போனாங்களே, அப்போ பார்த்திருக்கேன். மெலிஞ்சு போகும், ஆனா சாகாது. அரைவயித்துல கிடக்குற புழு ரொம்பநாள் உயிரோட இருக்கும்."

அலமாரியில் இருந்த உறையைப் பிரித்துப் பார்த்தேன், அந்த எழுத்து சாறு கலந்த தட்டுதான். எனக்குப் புரியச் சற்று நேரமானது. சாறு சர்க்கரை நோயைக் குணப்படுத்தவில்லை. பாக்டீரியாவைக் கொல்கிறது. புழுவின் சாப்பாடு செத்துவிட்டதால் புழு பட்டினி. பட்டினி கிடந்ததால் சர்க்கரை இறங்கியது, ஆயுளும் நீண்டது. நாங்கள் கறிபாப் தின்று கொண்டாடியது அந்தப் பட்டினியை.

சாந்தமேரி தட்டை எடுத்துக்கொண்டு வாணியிடம் போனாள், நானும் கூடப் போனேன். வாணி தட்டைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"மேரி அக்கா, இது ஒரு பாசிபிலிட்டி மட்டும்தான். பிறகு செக் பண்ணலாம். இன்னும் ரெண்டு மாசத்துல கிள்ளான்ல மருந்துக்கு லான்ச் வச்சிருக்காங்க. முதல் ரிசல்ட்ட நான் ஏற்கெனவே கொடுத்துட்டேன்."

"அப்போ திருப்பி வாங்குங்க டாக்டர்."

"அவ்வளவு ஈஸி இல்லக்கா."

"கஷ்டமா இருந்தா வாங்கக்கூடாதா?"

வாணி கணினியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சாந்தமேரி அன்று நோட்டில் தேதி போட்டு, 'சாறு கலந்த தட்டில் பாக்டீரியா வளரவில்லை, புழுக்கள் பசியில் உள்ளன' என்று மையால் எழுதிவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த மாதத்து ஞாயிறு கிள்ளானுக்குப் போனபோது இக்னேஷியஸின் அலமாரியில் அரசாங்கக் கிளினிக் மாத்திரைப் பொட்டலங்கள் பிரிக்காமல் அடுக்கியிருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் யுகேந்திரனின் குப்பி பாதி காலி. தம்பி நடக்கும்போது வலது காலைச் சாய்த்து வைத்தான்.

"காலுக்கு என்னடா?"

"பூட்ஸ் கடிச்சிருச்சுக்கா. ஒண்ணுமில்ல. வலிக்கவே இல்ல."

வலிக்கவே இல்லை என்றதுதான் அவளைப் பயமுறுத்தியது. இனிப்பு நீர்க்காரனுக்கு வலிக்காத புண்தான் காலைக் கொண்டுபோகும் என்பது எங்களைப்போல் கிளினிக் வரிசையில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். மாத்திரையைப் போடச் சொன்னாள். கெஞ்சினாள். அதட்டினாள். சாறு வேலை செய்யவில்லை என்று நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"போன தடவை வேலை செய்யுதுன்னே. இப்போ இல்லங்கிறே. எதைக்கா நம்புறது?" என்று கேட்டான் இக்னேஷியஸ். "அப்போ எண்ணிப் பார்த்துத்தானே சொன்னே? இதையும் எண்ணிக் காட்டு. காட்டினா மாத்திரை போடறேன். சும்மா பயமுறுத்தாதே லா."

மறுநாள் காலை என் ஸ்டோருக்கு வந்தாள். தட்டு வேண்டும், அகார் வேண்டும், விண்ணப்பப் பாரம் நிரப்ப முடியாது என்றாள்.

"வாணி கையெழுத்து இல்லாம ஒரு பஞ்சுகூடத் தரமுடியாது மேரி, உனக்குத் தெரியாததா?"

"தெரியும். என் தம்பி கால் போயிரும்ணே."

நான் விதியைப் பேசினேன். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருப்பதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு என் மேசை ஓரத்தில் இருந்த குப்பியைப் பார்த்தாள். யுகேந்திரனின் குப்பி. நான் அதை ஒளித்துவைக்க மறந்திருந்தேன்.

"நீங்களுமா?"

அந்த வாரம் என் சர்க்கரை பதினாறு, ஏழுக்குள் இருக்க வேண்டியது. நான் மாத்திரையை நிறுத்தவில்லை, ஆனால் பாதியாகக் குறைத்திருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சாவியை எடுத்து அலமாரியைத் திறந்துவிட்டேன்.

"எடுத்துக்கோ. என்ன வேணுமோ எடுத்துக்கோ" என்றேன்.

அவள் யோசித்துவைத்திருந்த சோதனை எளிமையானது. பாக்டீரியாவைச் சூட்டில் கொன்றுவிட்டுப் பிறகு தட்டில் தடவுவது. செத்த பாக்டீரியாவைச் சாறு மறுபடியும் கொல்ல முடியாது, அதனால் எல்லாப் புழுவுக்கும் சாப்பாட்டின் அளவு நம் கையில் இருக்கும். எல்லாத் தட்டிலும் சர்க்கரை. ஒன்றில் முழுச் சாப்பாடு, ஒன்றில் முழுச் சாப்பாட்டோடு சாறு. மூன்றாவதில் சாறு கிடையாது, சாப்பாடு மட்டும் பாதி. எது எது என்று அவளுக்குத் தெரியாமல் நான் எழுத்துப் போட வேண்டும் என்றாள்.

"ஏம்மா, இது உன் சொந்த வேலைதானே? யார் கேக்கப் போறா?"

"எனக்கு அந்தச் சாறு தோத்துப் போகணும்னு ஆசையா இருக்குண்ணே. அதனாலதான் எனக்குத் தெரியக்கூடாது."

அவள்மேல் எனக்கு மரியாதை எப்போதும் இருந்தது. அன்றைக்கு அது பயமாகவே மாறிவிட்டது. சீட்டை எழுதி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மதிய இடைவேளைகளிலும் சனிக்கிழமைகளிலும் எண்ணினாள். ஒருநாள் விட்டு ஒருநாள் இக்னேஷியஸுக்கு போன் செய்து கால் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நல்லாத்தான் இருக்கு என்பான். இருபத்தோராம் நாள் நான் சீட்டை நீட்டினேன். சாறு தின்ற புழுவும் தின்னாத புழுவும் ஒரே வேகத்தில் செத்திருந்தன. பாதிச் சாப்பாடு தின்றவை மட்டும் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. அவள் நோட்டை வாணியின் மேசைமேல் விரித்துவைத்தாள்.

வாணி நீண்ட நேரம் படித்தாள்.

"பர்மிஷன் இல்லாம செஞ்சது அக்கா. இது டேட்டாவே இல்ல. இந்தப் பக்கத்த எடுத்துடுங்க."

"பக்கத்துக்கு நம்பர் இருக்கு டாக்டர். நீங்கதான் போடச் சொன்னீங்க."

"என் வேலை போயிடும்."

"என் தம்பிக்குக் கால் போயிடும். எதைத் திருப்பி வாங்கலாம், நீங்களே சொல்லுங்க."

வாணி அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் லான்ச்சை நிறுத்தச் சொல்லி யுகேந்திரனுக்கு அவள் போன் செய்யவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

சாந்தமேரி நோட்டைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டு போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

"அக்கா, குப்பி வாங்கறவங்க லிஸ்ட்ல என் பேரைப் பார்த்துட்டு நேத்து யுகேந்திரன் நேரா வீட்டுக்கே வந்தாரு. லான்ச்ல மேடையேறிப் பேசணுமாம் நான். மாத்திரையை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு, எப்படி இருக்கேன்னு சொல்லணுமாம். குளோரியா புதுச் சட்டை எடுத்திருக்கா."

"எண்ணிக் காட்டினா மாத்திரை போடறேன்னு சொன்னியேடா!"

"வாழ்க்கையில ஒருத்தன் என்னைக் கூப்பிட்டு மேடை கொடுக்கறான். உனக்குப் பொறாமையாக்கா?"

அவள் போனை மேசையில் வைத்தாள். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வளர்த்த பிள்ளை எட்டி உதைத்த முகம் அது. ஐந்து நிமிடம் கழித்து என்னிடம், "சனிக்கிழமை உங்க கார் இருக்குமாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை லான்ச், கிள்ளானில் பெரிய மண்டபம். வாசலில் நாதஸ்வரம், ஜனம் நானூறு பேராவது இருக்கும். மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய படம், அதில் எங்கள் புழு ஆளுயரத்துக்கு நெளிந்தது. கீழே 'ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது' என்ற வாசகம். அவள் எண்ணிய எண்கள் கோடுகோடாக அதில் ஏறியிருந்தன. மண்டபத்தின் பக்கவாட்டில் கம்பெனியே ஏற்பாடு செய்த இலவசச் சர்க்கரைப் பரிசோதனை மேசை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வருகிறவர்கள் விரலில் குத்திக்கொண்டிருந்தாள்.

இக்னேஷியஸ் முன்வரிசையில் புதுச் சட்டையும் பளபளக்கும் பூட்ஸுமாக உட்கார்ந்திருந்தான். சாந்தமேரி நேராகப் போய் அவன் கையைப் பிடித்தாள்.

"எந்திரி. அந்த மேசைக்கு வா."

"அக்கா, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். உடம்பு நல்லா இருக்குன்னுதானே மேடையில சொல்லப் போறே? விரலக் குத்திப் பார்த்துட்டுப் போய்ச் சொல்லு. நல்லா வந்துச்சுன்னா நானே உனக்கு மாலை போடறேன்."

பின்வரிசையில் யாரோ, "சரிதானே, பார்க்கட்டுமே" என்றார். அவன் வேறு வழியில்லாமல் எழுந்தான். நொண்டி நொண்டி வந்தான். வெள்ளைக் கோட்டுப் பெண் குத்தினாள், கருவியைப் பார்த்தாள், இன்னொரு விரலைக் கேட்டாள். அதிலும் பார்த்துவிட்டு மெதுவாக, "அங்கிள், நீங்க இப்பவே ஹாஸ்பிட்டல் போகணும்" என்றாள். இருபத்தேழு புள்ளி இரண்டு.

"காலையில நாசி லெமாக் சோறு சாப்பிட்டேன், அதான்" என்றான் இக்னேஷியஸ்.

சாந்தமேரி தரையில் உட்கார்ந்து அவன் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள். அவன் காலை இழுத்தான். அவள் விடவில்லை. பூட்ஸைக் கழற்றிக் காலுறையை உருவியதும் பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். சுண்டுவிரலும் அதை அடுத்ததும் கறுத்திருந்தன. காலுறை ஈரத்தில் ஒட்டிப் பிரிந்தது. அவன் குனிந்து பார்த்தான். அவன் அதை அதற்குமுன் சரியாகப் பார்க்கவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

யுகேந்திரன் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"அக்கா, இது நல்ல நாள். உள்ள ரூம்ல வச்சுப் பேசிக்கலாம், வாங்க."

"உங்க அப்பாவுக்கு இப்படித்தானே ஆரம்பிச்சுச்சு?" என்று கேட்டாள் அவள்.

யுகேந்திரன் அந்தக் காலைப் பார்த்தார். அவர் கையில் இருந்த மைக்கை அவள் வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, அவர்தான் விட்டுவிட்டார்.

"என் பேரு சாந்தமேரி. அந்தப் படத்துல இருக்கற புழுவ எண்ணினது நான்தான். அது பொழைச்சது மருந்தால இல்ல, பட்டினியால. மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்ல. இவன் என் தம்பி. நான் முதல்ல சொன்னத நம்பி மாத்திரைய விட்டான். மாத்திரைய விட்டவங்க யாராச்சும் இங்கே இருந்தா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், வீட்டுக்குப் போய் முதல்ல அதைப் போடுங்க."

மைக்கை மேசைமேல் வைத்தாள். யாரும் கைதட்டவில்லை. ஒருவர் கத்தினார், இன்னொருவர் அவளைப் போட்டிக் கம்பெனி ஆள் என்றார். ஆனால் பரிசோதனை மேசையில் வரிசை நீண்டுகொண்டே போனதை நான் பார்த்தேன். இக்னேஷியஸின் ஒருபக்கம் நானும் இன்னொரு பக்கம் குளோரியாவுமாகத் தாங்கி அவனைக் காரில் ஏற்றினோம். மருத்துவமனை வரைக்கும் அவன் அக்காவோடு பேசவில்லை.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்றார் டாக்டர். காலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அதே வாரத்தில் கல்லூரியிலிருந்து சாந்தமேரிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஆய்வு ரகசியத்தை வெளியில் சொன்னது ஒரு குற்றம், அனுமதியில்லாமல் பொருள் எடுத்தது இன்னொன்று. பொருளைக் கொடுத்தது நான்தான் என்று நானும் கூடவே போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரம் அது, அதனால் சொல்லிக்கொள்கிறேன். நாலு பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் தனியாகச் செய்த எண்ணிக்கை செல்லாது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் தொடரும்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"பர்மிஷன் கேக்காதது தப்பு. அதுக்கு வேணும்னா கையெழுத்துப் போடறேன். எண்ணினது தப்புன்னு போடமாட்டேன். தட்டு உள்ளதான் இருக்கு, நீங்க யாராச்சும் வந்து எண்ணிப் பாருங்க."

யாரும் எழுந்து வரவில்லை. அவள் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வாணி அந்த நோட்டைக் கிழிக்கவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

மேசையைக் காலிசெய்த அன்று சாயங்காலம் அவளை நான்தான் கிள்ளான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இக்னேஷியஸ் கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தான். வேலை போன விஷயம் குளோரியா மூலம் அவனுக்குத் தெரிந்திருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என்னாலதானேக்கா போச்சு?"

"வேலை கிடக்குது. அதுக்கு நான் ஒரு சொட்டுக்கூட அழல" என்றாள் சாந்தமேரி. "உன் ரெண்டு விரலு என்னாலதான்டா போச்சு. நான்தானே சோத்துத் தட்டு முன்னால உட்கார்ந்து வாய் திறந்தேன்." அதற்குமேல் முடியாமல் அழுதாள். அடக்கி அழவில்லை. வார்டே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள். கல்லூரியையும் கம்பெனியையும் நானூறு பேரையும் எதிர்த்து நின்றவள், தம்பியின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுததைப் பார்த்து எனக்கும் தாங்கவில்லை.

இக்னேஷியஸ் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள்தான் தொடங்கினாள்.

"அடுத்த மாசம் செராஸ்ல யுகேந்திரனோட கூட்டமாம். படத்தை மட்டும் எடுத்துட்டாங்களாம், குப்பி அதேதான். நான் போகப் போறேன்."

"உன்னை உள்ள விடமாட்டாங்க."

"வாசல்ல நிப்பேன்."

அவன் தன் காலைப் பார்த்தான். கட்டு முடிகிற இடத்தில், இரண்டு விரல்கள் இருந்த பக்கம் தட்டையாக இருந்தது.

"என்னை விடுவாங்க" என்றான். "மேடைக்குக் கூப்பிட்டவங்கதானே. அன்னைக்குப் பேசாம வந்துட்டேன். இந்தத் தடவை பேசறேன். பூட்ஸ் போடாம வரேன்கா, எல்லாரும் நல்லாப் பார்க்கட்டும்."